சின்னம்மா இருக்காத இத்தா

எங்கள் வீட்டு பீரோக் கண்ணாடியைப் பழைய போர்வையால் மூடியவர் சின்னத்தாவின் அக்கா. மூடும்போது என்னிடம் ஊக்கு கேட்டார். நானும் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கேட்டால் திட்டுத்தான் விழும் என்று நம்பியிருந்த வயது. ஆனாலும் சின்னத்தாவைக் காணவில்லை என்பதற்குக் கண்ணாடி என்ன செய்யும் என்று தோன்றத்தான் செய்தது.

எங்கள் வீடு சாத்தூரில், பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அம்மாவின் தங்கை எனக்குச் சின்னம்மா, அவள் கணவர் சின்னத்தா. அவர்களும் அதே தெருவில்தான் வாடகைக்கு இருந்தார்கள். சின்னத்தா லோடு வேன் ஓட்டினார். சிவகாசி அச்சகங்களில் பட்டாசுப் பெட்டிகளுக்கான அட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றுவட்டாரப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவது அவர் வேலை. அச்சு கோணலாக விழுந்த அட்டைகள் எங்களுக்கு வந்து சேரும். தலை ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமுமாக இருந்த அட்டைக் கிளிகளின் முதுகில்தான் நான் வீட்டுக்கணக்குப் போட்டுப் பழகினேன்.

எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். வெளியே வந்து, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். எல்லாத் திசையிலும் யாருடைய ஆளாவது வேலை செய்துகொண்டிருப்பார். அது தீபாவளிச் சீசன். ஒருநாள் முற்பகலில் எங்கள் வகுப்பு ஜன்னல் அதிர்ந்தபோது டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து, கிழக்கே என்றார். கிழக்கில் எனக்கு யாரும் இல்லை என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சின்னத்தா அன்று கிழக்கேதான் லோடு இறக்கப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனி வாசலில் அவருடைய வேன் ஒரு பக்கம் கருகி நின்றது. அவரைக் காணவில்லை. காயம்பட்டவர்களை வெவ்வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போயிருந்தார்கள். அத்தா எல்லாவற்றுக்கும் அலைந்துவிட்டு, எங்கேயும் சின்னத்தா பெயரில் யாரும் இல்லை என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் விருதுநகர் பிணவறையில் முகம் தெரியாத ஓர் உடல் கிடப்பதாகச் சேதி வந்தது. காரியாபட்டியிலிருந்து சின்னத்தாவின் அக்காவும் அவர் கணவரும் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் கருகிப் போயிருக்க, இடுப்பில் பெல்ட்டின் பக்கிள் மட்டும் மிஞ்சியிருந்ததாம். சிங்கத் தலை போட்ட பக்கிள். தம்பியின் பெல்ட்தான் என்று அவர் அங்கேயே விழுந்து அழுதிருக்கிறார். அதை மட்டும் நம்பி உடலைத் தர முடியாது என்று டாக்டர்கள் சொல்லி, சின்னம்மாவின் கைக்குழந்தையிடம் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

சின்னத்தாவின் அக்காவால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. கணவன் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல், வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அதற்கு இத்தா என்று பெயர். தம்பி மவுத்தாகி விட்டான், ஆகவே அவன் மனைவி இத்தா இருக்க வேண்டும், அதையும் அவன் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். காரியாபட்டியிலிருந்து ஒரு வேன் பிடித்து, வெள்ளைச் சேலையோடு வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை அவர். சின்னத்தாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வந்ததிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கண்ணாடியை மூடினார்.

சின்னம்மா கூடத்தின் மூலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் கருகமணி கிடந்தது. நிக்காஹ் அன்று கட்டிய கறுப்பு மணிச் சரம். அதைக் கழற்றுவதற்காகச் சின்னத்தாவின் அக்கா அவள் பின்னால் போய் உட்கார்ந்தார். சின்னம்மா சரத்தை முன்பக்கம் இழுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு பேரும் சத்தமே போடாமல் அப்படி மல்லுக்கட்டியதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா நடுவில் புகுந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

"அவுக அன்னைக்குப் பெல்ட்டே போடல மைனி," என்றாள் சின்னம்மா. "வயித்துவலின்னு கைலியோடதான் வண்டியெடுத்தாக. கைலிக்கு யாரு பெல்ட்டுப் போடுவா?"

சின்னத்தாவின் அக்கா என் அத்தாவைப் பார்த்தார். புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்பது அந்தப் பார்வையின் பொருள். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வேன் டிரைவர் நேரமாகிறது என்று ஹாரனை ஒரு முறை அடித்தார்.

சின்னம்மா கேட்டது ஒன்றுதான். தன்னை மதுரைக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும். அங்கே தீக்காய வார்டில் கிடக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். என் அத்தா ஆஸ்பத்திரிகளில் பெயரைச் சொல்லித்தானே விசாரித்தார், முகத்தைப் பார்க்கவில்லையே என்றாள். பெரியவர்களில் ஒருவர், இத்தாவில் இருக்கிற பெண் எப்படிப் படியிறங்க முடியும் என்று கேட்டார். நான் இன்னும் இத்தாவில் இல்லை என்றாள் அவள். இருக்கிறாய் என்றார் அவர். இல்லை என்றாள் இவள். இப்படியே அது போய்க்கொண்டிருந்தது.

அப்போது அம்மாதான் தன் கைப்பேசியை எடுத்தாள். சாயங்காலங்களில் எங்களுக்கு ஓதக் கற்றுக் கொடுக்கும் ஆலிமா ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். பெண்கள் மதரஸாவில் பட்டம் வாங்கியவர், சின்னம்மாவை விட வயதில் சிறியவர், சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவர். அம்மா அடுப்படிக்குப் போய், எல்லாவற்றையும் வாட்ஸப்பில் பேசி அவருக்கு அனுப்பினாள். கண்ணாடியையும் விடவில்லை. பதில் வர நேரமாயிற்று. அதற்குள் சின்னம்மாவின் துணிகள் ஒரு பையில் அடைக்கப்பட்டுவிட்டன.

பதில் வந்ததும் அம்மா கூடத்தின் நடுவில் நின்று, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எங்களை ஓதச் சொல்லும் அதே குரல், கொஞ்சம் நடுங்கியபடி பேசியது.

"இத்தாங்கிறது மவுத்துக்கு. மவுத்து உறுதியாகணும். பொண்டாட்டிக்காரியே அது அவரு பெல்ட்டு இல்லேன்னு சொல்றப்ப அது எப்படி உறுதியாகும்? உறுதியாகுற வரைக்கும் அவுக அவருக்கு மனைவிதான். நாளைக்கு மவுத்துன்னு உறுதியாச்சுன்னா, அவரு மவுத்தான அன்னையிலேருந்து கணக்கு வெச்சுக்கிரலாம். தெரியாம இருந்தப்ப வெளிய போனதுக்குக் குத்தம் கிடையாது. அப்படியே இத்தாவுல இருந்தாலும், அவசியத்துக்குப் பகல்ல போகலாம். இதைவிட அவசியம் வேற என்ன இருக்கு?"

கடைசியாக, "கண்ணாடியை மூடணும்னு நான் ஓதுன எந்தக் கிதாபுலயும் இல்ல," என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றது.

பெரியவர்களுக்கு அந்தச் சட்டத்தை விட, சட்டம் ஒரு பெண் குரலில் வந்ததுதான் சங்கடமாக இருந்தது போலிருக்கிறது. ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்துக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உள்ளே வந்து, ஹஸ்ரத்தும் அதையேதான் சொல்கிறார், ஆனால் ஆதாரத்தோடு சொல்கிறார் என்றார். சின்னத்தாவின் அக்கா பையைக் கீழே வைத்தார். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அங்கே இல்லையென்றால் நாளைக்கே காரியாபட்டிக்குக் கிளம்ப வேண்டும், இனி ஒரு பேச்சும் கேட்க மாட்டேன் என்றார். சின்னம்மா சரி என்றாள். வேனை அனுப்பாமல் பள்ளிவாசல் பக்கம் நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் அத்தாவும் சின்னம்மாவும் மதுரை பஸ் ஏறினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. கூட ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கட்டும் என்று என்னை அனுப்பினாள். நான்கு வழிச் சாலையில் எங்களைத் தாண்டி ஆம்புலன்ஸ் போகும் போதெல்லாம் சின்னம்மா அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தாள். விரல்களை மடக்கி மடக்கி எதையோ ஓதிக்கொண்டே வந்தாள். விருதுநகர் வந்ததும் ஓதுவதை நிறுத்திவிட்டாள். பஸ் அந்த ஊரைத் தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் அசையாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு மாடியில் இருந்தது. வெளியே நீளமான வராந்தா. பாயும் ஃபிளாஸ்க்குமாக ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். எல்லாரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், பேச்சிலேயே தெரிந்தது. வாசலில் நின்ற நர்ஸ் சின்னத்தாவின் பெயரைக் கேட்டுவிட்டு இல்லை என்றார். பேர் தெரியாதவர்கள் யாராவது என்று அத்தா இழுத்தார். அப்படி ஒருவரும் இல்லை, எல்லா நோயாளிக்கும் வீட்டு ஆள் கூட இருக்கிறது, கண்டவர்களும் உள்ளே போனால் புண் சீழ் பிடித்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சின்னம்மா கெஞ்சினாள். நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அத்தா கீழே போய்ப் பெரிய டாக்டர் யாரையாவது பார்க்க முடியுமா என்று அலைந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் மருந்துக் களிம்பும் கருகலும் கலந்த ஒரு வாடை வெளியே வந்தது. நாறுகிறது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண் டம்ளர் கழுவ வெளியே வந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் போடுவார்கள். வேலையிலிருந்து நேராக வந்தவள் அப்புறம் வீட்டுக்கே போகவில்லை போலிருக்கிறது. பட்டாசுக்குக் கலக்கிற, எத்தனை கழுவியும் போகாத வெள்ளிப்பொடி அவள் நகக்கண்ணில் மினுங்கியது. அம்மாவை விடச் சிறியவளாகத் தெரிந்ததால் மனசுக்குள் அவளை அக்கா என்று வைத்துக்கொண்டேன்.

"யாரைத் தேடி வந்திருக்கீக?" என்று கேட்டாள்.

சின்னம்மா சொன்னாள். அட்டை லோடு வேன் டிரைவர், அந்தக் கம்பெனிக்குத்தான் போனார், வேன் மட்டும் கிடைத்தது என்றாள். உங்கள் ஆள் எப்படி இருக்கிறார் என்று இவள் திருப்பிக் கேட்டாள். உயிர் இருக்கிறது, பேச்சில்லை, முகமெல்லாம் கட்டு என்று சொல்லிவிட்டு அந்த அக்கா டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"உங்க ஆளு என்ன உடுத்தியிருந்தாக?"

"கட்டம் போட்ட கைலி. அதைச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாக. விருதுநகர்ல ஒரு உடம்பைக் காட்டி அதுதாங்கிறாக. பக்கிள்ல சிங்கத் தலை போட்ட பெல்ட்டாம். எங்க வீட்டுல அப்படி ஒரு பெல்ட்டே கிடையாது."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. டம்ளர் நிரம்பி அவள் கை வழியாக வழிந்தது. அந்த அக்கா குழாயை மூடவில்லை. நான்தான் எழுந்துபோய் மூடினேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்மேல் கோபமோ என்று பின்வாங்கி நின்றேன். அவள் டம்ளரோடு உள்ளே போய்விட்டாள்.

வெகு நேரம் அவள் வரவில்லை. அத்தா வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெரிய டாக்டர் போய்விட்டாராம், நாளைக்கு வரச் சொன்னார்களாம். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் சின்னம்மாவின் முகம் வெளிறியது. இன்றைக்குச் சாயங்காலம் வேன் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அத்தா, போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன் என்றாள். வராந்தாவின் கோடியில் என் துப்பட்டாவை விரித்துத் தொழ ஆரம்பித்தாள். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தவள் நெடுநேரம் எழவில்லை. அத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சலாம் கொடுத்து முடிப்பதற்கும், அந்த அக்கா கதவைத் திறந்துகொண்டு வருவதற்கும் சரியாக இருந்தது. இல்லை, முன்பே வந்து, முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

"எந்திரிச்சு வாங்க," என்றாள்.

கதவருகே நர்ஸ் கையை நீட்டி மறித்தார். யார் இது என்று கேட்டார்.

"என் தங்கச்சி. ஊர்லேருந்து வந்திருக்கா," என்றாள் அந்த அக்கா.

நர்ஸ் சின்னம்மாவின் புர்காவைப் பார்த்தார். அந்த அக்காவின் நெற்றியில் அழிந்து கிடந்த குங்குமத்தைப் பார்த்தார். பெரியவர்கள் பொய் சொன்னால் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நர்ஸ் கையை இறக்கி, சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். அந்தக் கட்டில் கதவை ஒட்டித்தான் இருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

கட்டிலின் மேல் இரும்புக் கூண்டு வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். முகம் முழுக்கக் கட்டு. மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. உதடு வீங்கிப் பிதுங்கியிருந்தது. ஒரு கை வெளியே கிடந்தது. அதுவும் வீங்கி, நிறம் மாறி, யாருடைய கை என்று சொல்ல முடியாமல் இருந்தது. அந்த அக்கா அந்தப் பக்கம் போய், தலைமாட்டில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சின்னம்மா இந்தப் பக்கம் நின்றாள்.

சின்னம்மாவின் கை அந்தக் கையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. மறுபடி புர்காவுக்குள் போய்விட்டது. அவர் தன் கணவராக இல்லாமல் போனால் அந்நிய ஆண். தொடக்கூடாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளோ அவருடைய மனைவி. தொட்டால் தெரிந்துவிடும், ஆனால் தெரியாமல் தொட முடியாது. அவள் நின்ற நிலை அதுதான் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அப்போது நான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு இவள் ஏன் சும்மா நிற்கிறாள் என்று பதறிக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து, அவர் காதருகே சலாம் சொன்னாள். அசைவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். கூண்டுக்குள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. தூரத்துக் கட்டிலிலிருந்து நர்ஸ், போதும் வாங்க என்று கூப்பிட்டார். சின்னம்மா நிமிர்ந்தாள். வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

"அந்தக் காது கேக்காது," என்றாள் அந்த அக்கா. தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னாள். "இங்கன வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்தாள். பஸ்ஸில் முன்னாலேயே ஏறித் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பவர்கள், உரியவர் ஏறி வந்ததும் எழுந்து கொடுப்பார்களே, அப்படி எழுந்தாள்.

சின்னம்மா சுற்றிக்கொண்டு போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை சலாம் சொல்லவில்லை. தினமும் காலையில் சின்னத்தாவை எழுப்பும்போது எங்கள் வீடு வரை கேட்கிற அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"பாப்பா முழிச்சுட்டா. உங்களைத் தேடுறா. எந்திரிங்க."

வெளியே கிடந்த அந்தக் கையில் ஒரு விரல் மேலே எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சின்னம்மா எழுந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு விரலை மட்டும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அந்த அக்கா டம்ளரையும் ஸ்பூனையும் நகர்த்தி அவள் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"தண்ணிய ஸ்பூன்லதான் குடுக்கணும். கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. வேகமா விட்டா பொரை ஏறிரும்," என்றாள்.

பிறகு கட்டிலுக்கடியில் இருந்த தன் ஒயர்க் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நர்ஸ் ஓடி வந்து என்னென்னவோ கேட்டார். வராந்தாவில் நின்றிருந்த அத்தாவிடம் நேராகப் போனாள்.

"அண்ணே, அந்தப் பெல்ட்டுப் போட்டவரு எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?"

அத்தா விருதுநகர் ஆஸ்பத்திரியைச் சொன்னார். இருங்கள், துணைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லையே என்று எனக்கு அவள்மேல் வருத்தமாகக்கூட இருந்தது.

சின்னத்தா பிழைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் அந்த வார்டிலேயே கிடந்தார். ஒரு காது போனது போனதுதான், குரலும் கரகரத்துவிட்டது. மயக்கமாகக் கிடந்த அவரை ஆம்புலன்சில் ஏற்றியபோது, கம்பெனியில் லோடு இறக்கும் ஆள் என்று நினைத்து, அந்த வேலை பார்த்த அந்த அக்காவின் கணவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்கா ஓடி வந்தபோது இதுதான் உன் ஆள் என்று கட்டிலைக் காட்டியிருக்கிறார்கள். விருதுநகரில் கிடந்த உடல் அவள் கணவருடையதுதான் என்று பின்னால் சோதனையிலும் உறுதியாயிற்று.

காரியாபட்டி வேன் யாரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது. கண்ணாடியிலிருந்து போர்வையைக் கழற்றவும் சின்னத்தாவின் அக்காதான் வந்தார். தம்பியைப் பார்த்து அழுதுவிட்டு வந்தவருக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அந்நியப் பெண் ஒருத்தி அத்தனை நாள் தம்பியைத் தொட்டுத் துடைத்திருக்கிறாளே, அது அவன்மேல் குற்றமாகுமா, ஆலிமாவிடம் கேட்க வேண்டும் என்றார். இரண்டு வாரம் முன்னால் ஆலிமாவின் குரலையே கேட்கப் பிடிக்காமல் இருந்தவர் அவர்.

"கேளுங்க மைனி," என்றாள் சின்னம்மா. "ஆனா அவ தொட்டுத் தண்ணி குடுக்கலேன்னா, இன்னைக்கு நீங்க கொண்டாந்த வெள்ளைச் சேலையத்தான் நான் கட்டியிருப்பேன்."

அவர் அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

சின்னத்தாவுக்குக் கொஞ்சம் தேறிய பிறகு சின்னம்மா அந்த அக்காவைத் தேடி அவள் ஊருக்குப் போனாள். அவள் வீட்டில் இல்லை. காரியம் முடிந்ததும் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். சீசன் முடியவில்லையே. பள்ளிக்கூடம் விட்டு வந்த அவளுடைய பிள்ளைகள் கையில், தான் வாங்கிக்கொண்டுபோனதைக் கொடுத்துவிட்டுச் சின்னம்மா திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மாவும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிலைப்படியில் உட்கார்ந்து குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மொதல் நாள்லேருந்து அவுகளுக்குத் துணி மாத்தித் துடைச்சு விட்டது அந்தப் பொண்ணுதானாம்க்கா. நர்சம்மா சொன்னாக," என்று சின்னம்மா மெதுவான குரலில் சொன்னாள். "சுன்னத் பண்ணுன ஆளுன்னு அவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். சட்டியில் வெங்காயம் கருகுகிற வாடை வந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

சுன்னத் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பையன்களுக்கு மாலை போட்டு, குதிரையில் ஏற்றி, தெருவுக்கே நெய்ச்சோறு போடுவதுதான். குதிரையில் ஏறிய பையன் அதற்கப்புறம் கொஞ்ச நாள் விளையாட வர மாட்டான். அதற்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. ஆனால் அந்த அக்காவுக்கு அவர் தன் வீட்டுக்காரர் இல்லை என்று முதல் நாளே தெரியும் என்பது மட்டும் அவர்கள் பேசியதிலிருந்து தெரிந்தது.

தெரிந்திருந்தும் ஏன் அவள் உடனே எழுந்து போகவில்லை, யாரோ ஒருவருக்கு ஏன் ராப்பகலாக ஸ்பூனில் தண்ணீர் விட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்தால் அவள் தன் ஆளைப் பிணவறையில்தானே தேட வேண்டும் என்று தனக்குள் முனகியவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் விளையாடு என்றாள். கேட்கக் கூடாத கேள்வி எதையோ கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.